ஒற்றைத் திமில் தீவு

புஜைரா
ஐக்கிய அரபு அமீரகம்
14 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

எபின் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீங்களும் அந்தக் குளிரில் இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய அயர்லாந்துப் புல்வெளியை வரைந்து பார்த்தேன். என் போனில் அது ஒரு பச்சை. ரூம்மேட் அஸ்கர் அலி பாயின் போனில் வேறொரு பச்சை. கேம்ப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் அது பச்சையே இல்லை. வரைந்து முடித்ததும் பாய் எட்டிப் பார்த்து, "எபின் பாய், இது கார்ப்பெட் கடை விளம்பரமா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். படங்களைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். காகிதத்தில் உள்ள நிறம் எல்லாருக்கும் ஒரே நிறம். கம்பெனி போஸ்ட் பாக்ஸ் நம்பர் உறையின் பின்னால் இருக்கிறது. படத்தோடு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், அப்போது காற்று எப்படி அடித்தது, குளிர் எப்படி இருந்தது என்று. அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு வரைய வரும்.

இங்கே பகல் முழுக்க ஆயில் டேங்குகளுக்கு வெள்ளைப் பெயிண்ட். கப்பல் வந்தால் அடிப்பாகத்துக்குச் சிவப்புப் பெயிண்ட். வருஷம் முழுக்க இந்த இரண்டு நிறம்தான். லீவு நாளில் மூன்றாவது ஒரு நிறத்தைத் தொடாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

நீங்கள் ரூவி கிளினிக்கில் இருந்த வரைக்கும் லீவு கிடைத்தால் ஓமன் பார்டர் தாண்டி வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவேன். இப்போது அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். அம்மாவும் போன பிறகு நமக்கு நாம் இரண்டு பேர்தான். நீங்கள் தினமும் பார்க்கிற கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும் அக்கா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
எபின்


கால்வே அருகே, அயர்லாந்து
3 ஆகஸ்ட் 2024

என் எபினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். இருமல் இல்லை. நீ வெயிலில் டேங்க் மேல் ஏறும்போது தலையில் துணி கட்டுகிறாயா? தண்ணீர் குடிக்கிறாயா? இதற்கு முதலில் பதில் போடு, மற்றதெல்லாம் பிறகு.

மருந்துக்கடையில் பிரிண்ட் போடும் மெஷின் இருக்கிறது. நான் நின்று ஒவ்வொன்றாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரப் பெண், "கல்யாண ஆல்பமா?" என்று கேட்டாள். "தம்பிக்குக் கடல் அனுப்புறேன்" என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

நாலு படம் வைத்திருக்கிறேன். முதலாவது மோஹர் செங்குத்து மலை. கடலில் நேராக வெட்டி விட்டதுபோல நிற்கும். மேலே நின்றபோது காற்று என்னைப் பின்னால் தள்ளியது, முன்னால் தள்ளியிருந்தால் கதை வேறு. இரண்டாவது, சுண்ணாம்பு இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய வேலி. ஆடுகளின் முதுகில் நீலம் இருக்கிறது பார், யாருடைய ஆடு என்று தெரிவதற்குப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். உனக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. மூன்றாவது கானமாராவில் ஒரு ஏரி. நாலாவது எங்கள் ஊர்க் கடற்கரை. முதியோர் இல்லத்தில் டூட்டி முடிந்து நான் நடக்கப் போகிற இடம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை மக்களே. இங்கே ஒரே இடம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்குள் வெயில் போய்விடும், மூடியைக் கழற்றுவதற்குள் மழை வரும், மழையைத் துடைப்பதற்குள் மறுபடி வெயில். பச்சைக்கு உள்ளே சாம்பல் இருக்கிறது. அது மட்டும் நிச்சயம். வெறும் பச்சையை வைக்காதே.

என்னோடு வீட்டில் இருக்கும் சுபிஷாவும் உன்னை விசாரித்தாள். நாகர்கோவில் பிள்ளை, நர்ஸ். "ஒங்க தம்பி வரைஞ்சத எனக்கும் காட்டுங்கக்கா" என்கிறாள். வரைந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. உன் போன் நிறம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்
அக்கா ஷிஜி


புஜைரா
1 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

துணி கட்டுகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். போதுமா?

நாலு படமும் மடங்காமல் வந்து சேர்ந்தன. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பாய் இப்போது கிண்டல் செய்வதில்லை. வேலைவிட்டு வந்ததும் மோஹர் படத்துக்கு முன்னால் நின்று, "ஏசி இல்லாமலே குளிருது" என்கிறார்.

நீங்கள் சொன்ன சாம்பல் சரிதான். பச்சையில் துளி நீலமும் காவியும் சேர்த்தேன், உடனே புல் அடங்கிப் படுத்துக்கொண்டது. துபாய் அல் கூஸில் ஜொஹரா லாத்தா என்று ஒருவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார், கீழக்கரைக்காரர், அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். அட்டையும் பெயிண்டும் வாங்கப் போனபோது நான் வரைந்த கல்வேலியையும் கடற்கரையையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். "புல்லு நல்லாருக்கு. கடல்தான் காஞ்சு கெடக்கு தம்பி" என்றார்.

அது உண்மை அக்கா. நான் வரைகிற பாறை எல்லாம் புஜைரா மலை மாதிரி வறண்டு நிற்கிறது. நாம் முட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான், அலை அடித்த பாறையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் பாறை வேறு கறுப்பு. அதில் படிந்திருக்கிற பாசி என்ன நிறம் என்றே படத்தில் தெரியவில்லை, நீங்கள் தூரத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். அடுத்த தடவை கொஞ்சம் கிட்டே போய் எடுங்கள். அலை அடித்துத் தண்ணீர் வழிந்து இறங்குகிற நேரத்துக் கல் வேண்டும். அது ஒன்று கிடைத்தால் போதும், நான் கடலைப் பிடித்துவிடுவேன்.

சுபிஷாவுக்கும் என் விசாரிப்பு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
எபின்


புஜைரா
27 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள்?

"ஞாயிற்றுக்கிழமை ஆஃப், உன் கல்லை எடுக்கப் போகிறேன்" என்று மெசேஜ் போட்டீர்கள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. மெசேஜ் போட்டால் "நலம், டூட்டி" என்று இரண்டு வார்த்தை. கூப்பிட்டால் நெட் சரியில்லை என்கிறீர்கள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

போஸ்ட் பாக்ஸ் சாவி வைத்திருக்கும் ஆபீஸ் சிவசங்கரன் அண்ணன், என் தலை தெரிந்தாலே, "மாஃபி தம்பி, மாஃபி" என்று கையை விரிக்கிறார்.

படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதுங்கள்.

எபின்


அயர்லாந்து
28 நவம்பர் 2024

என் எபினுக்கு,

கோபப்படாதே. நான் சுகமாக இருக்கிறேன். வேலை கொஞ்சம் கூடிவிட்டது, அதுதான். நீ ஒன்றும் தப்பாக எழுதவில்லை. ஒருபோதும் அப்படி நினைக்காதே.

உறையின் மேல் முகவரி சுபிஷாவின் கையெழுத்து. அவள் கடைக்குப் போகிறாள், அவளே பிரிண்ட் போட்டு அனுப்பிவிடுகிறாள். வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பதறாதே.

நீ கேட்ட கல் கிடைக்கவில்லை. கேமராவில் தண்ணீர் போய்விட்டது. இனி போனில்தான் எடுக்க வேண்டும். இந்தத் தடவை வானம் மட்டும் இரண்டு படம் அனுப்புகிறேன். டோனகல் பக்கம் போனபோது எடுத்தது. இந்த ஊர் வானத்தை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு மேகம் இன்னொரு மேகத்துக்கு அடியில் நுழைந்து போகும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே இருட்டிவிடுவதால், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அந்த மேகங்களே பங்கு போட்டுக்கொள்கின்றன.

நீ வானத்தை வரை. வானம் வறண்டு போகாது.

குளிர் வந்துவிட்டதா அங்கே? கம்பளி வாங்கிக்கொள். என் பழைய நீலக் கம்பளி உன்னிடம்தானே இருக்கிறது?

அன்புடன்
அக்கா


புஜைரா
5 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

புதுவருஷ வாழ்த்து. கம்பளி இருக்கிறது, போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் நம் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து குடில் வைத்தோம். பின்னால் வானம் வேண்டும் என்றார்கள். உங்கள் டோனகல் வானத்தைப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். "பெத்லகேமில எப்பிடிடே இவ்வளவு மழைமேகம்?" என்று பாதிரியார் கேட்டார். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

வானம் எனக்கு நன்றாக வருகிறது. ஒரு படத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே, அதை அலையின் நுரை என்று வைத்துக்கொண்டேன். ஜொஹரா லாத்தாவுக்கு இந்தப் படங்கள் மிகவும் பிடித்துவிட்டன. கடையின் பக்கச் சுவரைக் காலி செய்து தருகிறேன், இன்னும் கொஞ்சம் சேர்ந்ததும் மாட்டலாம் என்கிறார். நான் வரைந்ததை அடுத்தவர்கள் நின்று பார்ப்பதா என்று கூச்சமாக இருக்கிறது. ஆசையாகவும் இருக்கிறது.

இதோடு சின்னதாக ஒரு படம் அனுப்புகிறேன். உங்கள் ஊர்க் கடற்கரை. கடல் காய்ந்துதான் கிடக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் எழுத்து மேலே ஏறி ஏறிப் போகிறது. முன்பெல்லாம் ஸ்கேல் வைத்ததுபோல எழுதுவீர்கள். மடியில் வைத்து எழுதுகிறீர்களா? சுகம்தானே?

எபின்


அயர்லாந்து
9 பிப்ரவரி 2025

என் எபினுக்கு,

சுகம்தான். மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன், நீ சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய்.

உன் படம் வந்தது. கட்டிலில் இருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில் வைத்திருக்கிறேன். இங்கே ஓர்லா என்று ஒரு பெண் தினமும் காலையில் வருவாள். படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இதை வரைந்தவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இந்தத் தடவை கடல் இருக்கிறது. ஒன்று டிங்கிள், ஒன்று அக்கில், மற்றது வேறொரு இடம், பெயர் மறந்துவிட்டது. காலை, மத்தியானம், மழை நின்ற பிறகு என்று எடுத்தேன். காலையில் கடல் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. மத்தியானம் பாட்டில் பச்சை. மழை நின்றதும் நிறமே இல்லை, வெளிச்சம் மட்டும்தான்.

சுவரில் மாட்டுவதற்குக் கூச்சப்படாதே. மாட்டு.

அன்புடன்
அக்கா


புஜைரா
16 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள்.

போன ஞாயிறு வரைந்ததையெல்லாம் துணியில் சுற்றி, பஸ் ஏறி அல் கூஸ் போனேன். லாத்தா எல்லாப் படத்தையும் நீள மேஜையில் வரிசையாக வைத்து, அடியில் ஒட்டுவதற்கு ஊர்ப் பெயரைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், நிறுத்திவிட்டார்.

"தம்பி, இங்கன வா. இது எந்த ஊருன்னு சொன்னே?"

"டிங்கிள் லாத்தா."

"இது?"

"அக்கில். அது வடக்கே இருக்கு, ரொம்ப தூரம்."

"தூரங்கிறே. ரெண்டுலயும் ஒரே தீவு நிக்குதே."

பார்த்தேன். கடலுக்கு நடுவில் மாட்டுத் திமில் மாதிரி ஒற்றை மேடு உள்ள ஒரு சின்னத் தீவு. மூன்றாவது படத்திலும் அதுவே. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உட்கார்ந்து வரைந்தவன் நான்தான், என் கண்ணில் படவில்லை. பிறகு லாத்தா வானப் படங்களில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் சின்ன மேகம் என்று நினைத்து வரைந்திருந்தது அந்தத் திமிலின் நுனி. நான் நுரை என்று நினைத்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவினார்.

"இது அலை இல்ல தம்பி. ஜன்னல் கட்டை."

எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். ரூமுக்கு வந்ததும் சுவரில் உங்கள் பழைய படங்களையும் மறுபடி பார்த்தேன். மோஹரில் காற்று இருக்கிறது, ஆடு இருக்கிறது, நீங்கள் நடந்த பாதை இருக்கிறது. நவம்பருக்குப் பிறகு எதிலும் பாதை இல்லை. முதலில் வானம் மட்டும். பிறகு கடல். படுத்திருப்பவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். தலையணை வைத்து நிமிர்த்தினால்தான் கடல் தெரியும்.

நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

அந்த ஜன்னல் எத்தனாவது மாடியில் இருக்கிறது அக்கா?

எபின்


அயர்லாந்து
2 ஏப்ரல் 2025

என் எபினுக்கு,

இரண்டாவது மாடி.

கடற்கரையைப் பார்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி. எலும்பும் முதுகும் அடிபட்டவர்களை மறுபடி நடக்கப் பழக்குகிற இடம். எனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில். ஓர்லா கூட வேலை பார்க்கிறவள் என்று நீ நினைத்திருப்பாய். அவள் எனக்குக் கால் பயிற்சி கொடுக்கிறவள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, எங்கள் ஊர்க் கடற்கரைப் பாறையில் வழுக்கி விழுந்தேன். பாசி மேல் கால் வைத்தது என் புத்திதான். முட்டத்துப் பிள்ளைக்குப் பாசி தெரியாதா? இடுப்பெலும்பு உடைந்தது, முதுகெலும்பில் விரிசல். நாயோடு நடக்க வந்த ஒருவர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கேமராவை அலை கொண்டுபோய்விட்டது. கொஞ்ச நாள் வலது காலில் உணர்ச்சியே இல்லை. இப்போது இருக்கிறது. நடப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நானும் நர்ஸ்தான், பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். அதை நான் எழுத மாட்டேன். நீயும் எழுதக் கூடாது.

முதலில் என்னைப் புரட்டிப் போட இரண்டு பேர் வருவார்கள். எத்தனை வருஷம் மற்றவர்களை நான் புரட்டியிருக்கிறேன், "வலிக்காதும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லியிருக்கிறேன். நிஜமாகவே வலித்தது மக்களே. சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தேன். அப்போதுதான் சுபிஷா உன் அக்டோபர் கடிதத்தைக் கொண்டுவந்து வாசித்தாள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒரு படமாவது அனுப்ப வேண்டும் என்று என்னை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன்.

ஊர்ப் பெயர்களைச் சும்மா எழுதினேன். சுபிஷா, "வேண்டாம்க்கா, ஒருநாள் மாட்டிக்கிடுவீய" என்றாள். மாட்டிக்கொண்டேன். உன் லாத்தாவுக்கு என் சலாம் சொல்லு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அக்கா


அயர்லாந்து
8 ஜூன் 2025

எபினுக்கு,

ஏப்ரலில் எழுதினேன். மே போய்விட்டது. மெசேஜுக்கு "நலம், டூட்டி" என்று போடுகிறாய். நான் போட்டதையே எனக்குத் திருப்பிப் போடுகிறாயா?

கூப்பிட்டால் எடுத்துவிட்டு அழுகிறாய். வரைவதில்லை என்று அஸ்கர் அலி பாய் சுபிஷாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். சுவரில் இருந்த படத்தையெல்லாம் கழற்றிவிட்டாயாமே. பெயிண்ட் டப்பாக்களைப் பக்கத்து ரூமுக்குக் கொடுத்துவிட்டாயாம்.

நன்றாகக் கேட்டுக்கொள். நான் விழுந்தது உனக்காக இல்லை. எனக்கும் அந்தக் கல் வேண்டியிருந்தது. கிளினிக்கிலும் முதியோர் இல்லத்திலுமாக இவ்வளவு வருஷம் ஓடிவிட்டது, அந்த இரண்டு மாதம்தான் ஆஃப் நாளில் எனக்கென்று ஒரு காரியம் இருந்தது. பஸ் பிடித்து, தெரியாத ஊரில் இறங்கி, மழையில் நின்று, வெளிச்சத்துக்குக் காத்திருந்து. அதை நீ கேட்டதால்தான் செய்தேன். கேட்டது தப்பு என்று நீ நினைத்தால், அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்து என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறாய்.

படுத்திருந்தபோது வானம் அனுப்பினேன். கடல் வேண்டும் என்றால் நிமிர வேண்டும். ஓர்லா எத்தனையோ சொல்லியும் கேட்காதவள், உனக்குக் கடல் அனுப்புவதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். இன்று அனுப்பியிருக்கிற படத்தைப் பார். கீழே புல் தெரிகிறது. மதில் தெரிகிறது. ரோட்டில் குப்பை வண்டி நிற்கிறது. அழகான படம் இல்லை. ஆனால் அதெல்லாம் தெரிய வேண்டும் என்றால் ஜன்னலில் நின்றால்தான் முடியும்.

டப்பாக்களைத் திருப்பி வாங்கு.

அக்கா


புஜைரா
17 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் நிற்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு நலமா என்று கேட்கத் தைரியம் வந்திருக்கிறது. நலமா?

இத்தனை நாள் எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஏப்ரல் கடிதம் கிடைத்ததுமே அங்கே வருவதற்கு விசா போட்டேன். கம்பெனி லெட்டர், சுபிஷா அனுப்பிய ஆஸ்பத்திரி லெட்டர், எல்லாம் வைத்தேன். கிடைக்கவில்லை. "வருகிறேன்" என்று எழுதுவதற்காகக் காத்திருந்தவனுக்கு "வர முடியவில்லை" என்று எழுதக் கை ஓடவில்லை. கப்பல் மேல் நின்று பெயிண்ட் அடிக்கும்போது எதிரே எத்தனை கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது தெரியுமா? எல்லாக் கப்பலும் எங்கேயோ போகும். எனக்கு மட்டும் போக வழியில்லை.

குப்பை வண்டிப் படம் வந்த அன்று பாயே போய் டப்பாக்களை வாங்கி வந்துவிட்டார். "யல்லா, தீதி நின்னுட்டாங்க, நீ இன்னும் படுத்திருக்கியே" என்று கத்தினார். வெயிலில் தட்டில் வைத்த பெயிண்ட் தூரிகை தொடுவதற்குள் காய்ந்தது. ஈரத்துணி போட்டு மூடி மூடி வரைந்தேன். குப்பை வண்டியை விடவில்லை. அதன் பின்விளக்கின் சிவப்புக்குக் கப்பல் பெயிண்டையே தொட்டுக்கொண்டேன்.

போன வாரம் லாத்தாவின் சுவரில் மாட்டினோம். முதலில் வானம், அடுத்து திமிலின் நுனி தெரிகிற வானம், பிறகு கடலும் தீவும் மூன்று, கடைசியில் புல்லும் மதிலும் வண்டியும். ஊர்ப் பெயர் போடவில்லை. "வேற என்னதான் எழுத?" என்று லாத்தா கேட்டார். 'அக்கா படுத்திருந்தபோது', 'அக்கா உட்கார்ந்தபோது', 'அக்கா நின்றபோது' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். லாத்தாவின் மகள் இங்கிலீஷில் அடியில் எழுதினாள்.

ஒரு பிலிப்பினோ அம்மா, யூனிபாரத்தோடு வந்தவர், கடைசிப் படத்திற்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அதை வாங்க முடியுமா என்று கேட்டார். அது மட்டும் விற்பனைக்கு இல்லை என்று லாத்தா சொல்லிவிட்டார். போகும்போது என்னிடம் திரும்பி, "உங்க சிஸ்டர் இப்ப நடக்கிறாங்களா?" என்று கேட்டார். நடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லையே அக்கா?

உங்கள்
எபின்


அயர்லாந்து
11 நவம்பர் 2025

என் எபினுக்கு,

பொய் இல்லை. அந்த அம்மாவை மறுபடி பார்த்தால், ஒற்றைக் கைத்தடியோடு படி ஏறி இறங்குகிறாள் என்று சொல். வீட்டுக்கு வந்துவிட்டேன். வாரத்தில் பாதி நாள் வேலைக்கும் போகிறேன், மருந்து அறையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். சுபிஷா சமைக்கிறாள், நான் குறை சொல்கிறேன்.

உனக்கு விசா கிடைக்கவில்லை என்று படித்த அன்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது? நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். டாக்டரைக் கேட்டேன். விமானத்தில் இடையிடையே எழுந்து நடந்தால் சரி என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் துபாயில் இறங்குகிறேன். எந்த நாள், எந்த விமானம் என்று மெசேஜில் போட்டிருக்கிறேன். லாத்தாவின் கடைக்கு முதலில் போக வேண்டும். அப்புறம் புஜைரா. உன் மலையையும் கப்பலையும் நான் எடுக்கிறேன், புதுக் கேமரா வாங்கிவிட்டேன். திட்டாதே.

உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது. குளிருக்குச் சட்டை பின்னிக் கொடுக்கிற ஒரு அம்மா இங்கே இருக்கிறார், உன் தோள் அளவு தெரிந்தால் நல்லது. அஸ்கர் அலி பாய்க்கும் ஒன்று.

டிக்கெட் போடும்போது வீல்சேர் வேண்டுமா என்று கேட்டிருந்தது. சுபிஷா வேண்டும் என்று போட்டாள். நான் அதை எடுத்துவிட்டேன். ஏர்போர்ட்டில் பெட்டி எடுத்து வெளியே வர எனக்கு நேரமாகும். எல்லாரும் போன பிறகுதான் வருவேன், பதறாதே. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடிக்கவும் செய்யாதே. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நிற்கிற இடத்திலேயே நில். நான் நடந்து வருகிறேன்.

அன்புடன்
அக்கா ஷிஜி